புத்தளக் கரையின் பாட்டும் பரீட்சைச் சங்கீதமும்

பரம்பரை பரம்பரையாகக் கைமாறிவந்த இசை, பாடசாலைப் பாடமாக மாறியது அண்மைக் காலத்துச் செய்தியாகும். குருவின் வீட்டுத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் தேவாலய முற்றத்திலும் பயிலப்பட்ட கலை, பாடத்திட்டம், தரம், பரீட்சை, சான்றிதழ் என்னும் ஒழுங்குக்குள் வந்தபோது பலருக்கு வாசல் திறந்தது. அதே வேளையில் சில பாட்டுகள் வாசலுக்கு வெளியே நின்றுவிட்டன. இலங்கைத் தமிழரின் இசைக்கல்வி வரலாற்றின் இவ்விரு பக்கங்களையும் ஒருசேரக் காண விரும்புவோர் புத்தளம் மாவட்டக் கடற்கரைக்குச் செல்ல வேண்டும்.

முதலில் வாசல் திறந்த கதையைப் பார்ப்போம்.

1931இல் யாழ்ப்பாணத்தில் வட இலங்கைச் சங்கீத சபை தோன்றியது. வாய்ப்பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம், நடனம் முதலிய துறைகளில் அறிமுறை, செயன்முறை என இரு வகையாகப் பரீட்சை நடத்தி, மாணவரைத் தரம் தரமாக உயர்த்தும் முறையை அது வகுத்தது. படிப்படியாக எல்லாத் தரங்களையும் கடந்து ஆசிரியர் தரத்தில் சித்தியெய்துவோர் 'கலாவித்தகர்' என்னும் பட்டம் பெறுகின்றனர். இசை வேளாளர் குடும்பத்திற் பிறவாத, தமிழகம் சென்று பயில வசதியில்லாத பிள்ளைக்கும் ஓர் ஏணி கிடைத்தது. இன்று புலம்பெயர் நாடுகளில் தமிழ்ப் பிள்ளைகள் தோற்றும் தரப் பரீட்சைகள் பலவும் இந்த மரபின் வழிவந்தவையே.

ஏணியின் மேற்படிகளும் ஒவ்வொன்றாக அமைந்தன. 1960இல் மருதனார்மடத்தில் இராமநாதன் இசைக் கல்லூரி தொடங்கப்பெற்றது. மகாராஜபுரம் சந்தானம் போன்ற வித்துவான்கள் தமிழகத்திலிருந்து வந்து அதன் அதிபராகப் பணியாற்றினர். 1975இல் அது பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. 1980களில் மட்டக்களப்பு கல்லடியில், 'யாழ் நூல்' இயற்றிய சுவாமி விபுலாநந்தரின் பெயரால் இசை நடனக் கல்லூரி எழுந்தது. 1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தத்தோடு அழகியற் கல்வியும் பொதுப் பாடத்திட்டத்தில் உறுதியான இடம்பெற்றது. கர்நாடக சங்கீதம் க.பொ.த. சாதாரண தரப் பாடமாயிற்று. வடக்கிலும் கிழக்கிலும் பட்டம் பெற்றவர்கள் நாடெங்கும் சங்கீத ஆசிரியர்களாக நியமனம் பெற்றுச் செல்வது வழக்கமாயிற்று.

இனி, வாசலுக்கு வெளியே நின்றவற்றின் கதை.

சிலாபத்திலிருந்து வடக்கே கற்பிட்டி வரை நீளும் இக்கரையோரத்தில் உடப்பு என்னும் தமிழ்க் கிராமம் இருக்கிறது. இராமநாதபுரக் கரையிலிருந்து வந்த மீனவர்களின் வழித்தோன்றல்கள் அங்கு வாழ்கின்றனர். திரௌபதை அம்மன் ஆலயத் தீமிதிப்பு விழாவுக்குப் பெயர்பெற்ற இவ்வூருக்கு இன்னொரு செல்வமும் உண்டு. அதுவே அம்பா.

கரைவலை இழுக்கும்போது பாடப்படுவது அம்பா. தோணியிற் சென்று கடலில் வளைத்துப் போட்ட வலையின் இரு கயிறுகளையும் கரையில் இரு அணியினர் இழுப்பர். ஒருவர் பாட, மற்றவர் ஏற்றுப் பாடுவர். வலை தொலைவில் இருக்கும்போது பாட்டு நீண்டு நிதானமாகச் செல்லும். மடி கரையை நெருங்க நெருங்க நடை துரிதமாகும். பாடுபவர் கடலைப் பாடுவார், தெய்வத்தைப் பாடுவார், சமயம் வாய்த்தால் சம்மாட்டியின் கைச்சிக்கனத்தையும் பாடுவார். முப்பது, நாற்பது பேரின் தோள்வலிமையை ஒரே கணத்தில் ஒன்றுதிரட்டுவது அந்த லயமே. அது பிசகினால் கயிறு பிசகும். இப்படிப் பார்த்தால் அம்பா பாடுபவர் தேர்ந்த லய ஞானி. ஆனால் அவருடைய பேரப்பிள்ளை பாடசாலையில் ஆதி தாளத்தை விரலெண்ணிக் கற்கும்போது, அந்த ஞானம் தன் வீட்டிலேயே இருந்தது என்பதை யாரும் அதற்குச் சொல்வதில்லை.

உடப்புக்குத் தெற்கே நிலைமை வேறு. சிலாபம், நீர்கொழும்புக் கரையோரக் கத்தோலிக்க மீனவர்களிடையே தமிழ் நாட்டுக்கூத்து செழித்திருந்த காலம் ஒன்றுண்டு. தமிழ்க் கூத்தின் செல்வாக்கினால் உருவானதே சிங்கள 'நாடகம' என்னும் ஆடல்பாடல் வடிவம் என்பது ஆய்வாளர் முடிபு. பேராசிரியர் எதிரிவீர சரத்சந்திர அந்த வடிவத்தை அடியொற்றி 1956இல் 'மனமே'யை மேடையேற்றினார். நவீன சிங்கள அரங்கின் தொடக்கமாகக் கொண்டாடப்படும் படைப்பின் வேர்களில் ஒன்று தமிழ்க் கூத்துக் களரியில் இருக்கிறது. ஆனால் இருபதாம் நூற்றாண்டில் அக்கரையோரப் பாடசாலைகளின் மொழி சிங்களமாக மாறியது. இரண்டொரு தலைமுறைக்குள் வீட்டு மொழியும் மாறியது; அதனோடு தமிழ்க் கூத்துப் பாட்டும் மங்கியது. ஒரு கல்வி வலையமைப்பு எதைக் கொடுக்கும், எதை எடுத்துக்கொள்ளும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

புத்தளம் நகருக்கு அண்மையில் சிரம்பியடியில் வாழும் ஆபிரிக்க வம்சாவளியினரையும் இங்கு குறிப்பிட வேண்டும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் காலங்களில் அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியினர் இவர்கள். 'மாஞ்ஞா' எனப்படும் இவர்களின் பாட்டு, போர்த்துக்கேயக் கலப்பு மொழியில் அமைந்தது. அம்மொழியைப் பேசுவோர் அருகிவிட்டனர். பாட்டு மட்டும் எஞ்சியிருக்கிறது. பேச்சு மறைந்த பின்னரும் ஒரு சமூகத்தின் நினைவை இசை எவ்வளவு காலம் தாங்கும் என்பதை அவர்கள் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஏணியமைக்கும்போது இத்தகைய இழப்பு தவிர்க்க முடியாததா? போலந்து நாட்டின் வரலாறு இதற்கு ஒருவாறு விடை தருகிறது.

1795 முதல் 1918 வரை போலந்து என்றொரு நாடே உலக வரைபடத்தில் இருக்கவில்லை. மூன்று வல்லரசுகள் அதைப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. அக்காலத்தில், வார்சாவில் ரயில்வே அலுவலகக் கணக்காளராக வேலை பார்த்த ஒஸ்கார் கோல்பெர்க் (1814–1890) ஊர் ஊராகச் சென்று குடியானவரின் பாடல்களைச் சேகரித்தார். சொற்களோடு நில்லாமல் மெட்டுகளையும் சுரக்குறியீட்டில் எழுதிவைத்தார். அவர் வாழ்நாளிலேயே முப்பதுக்கு மேற்பட்ட தொகுதிகள் வெளிவந்தன. அவருக்கு முன்பே, சிறுவன் ஷோப்பின் விடுமுறைக் காலத்தில் கிராமத்துப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தான். பின்னாளில் அவன் இயற்றிய மசூர்க்காக்கள் கிராமிய நடனங்களின் நடையிலே பிறந்தவை.

இன்று போலந்தில் அரசு இசைப் பாடசாலைகள் நாடு முழுவதும் இரண்டு நிலைகளில் இயங்குகின்றன. கலாசார அமைச்சின் கீழ் இயங்கும் அவற்றில் கட்டணமின்றி வாத்தியப் பயிற்சி பெறலாம். அங்கே கற்பிக்கப்படுவது பெரும்பாலும் செவ்வியல் இசைதான். எனினும் மசூர்க்கா வாசிக்கும் மாணவன் தன் கிராமத்து நடையையும் சேர்த்தே வாசிக்கிறான். போலந்திடம் ஏணியும் இருந்தது, ஏடும் இருந்தது.

நம்மிடம் ஏணி இருக்கிறது. ஏடு அரைகுறையாக இருக்கிறது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துகளை மேடையேற்றியதும், மன்னார்க் கத்தோலிக்க நாடகமான 'எண்டிறீக்கு எம்பரதோர்' போன்றவற்றைப் பதிப்பித்ததும் அரும்பணிகள். பட்டிக்காட்டு ஆட்டம் என ஒதுக்கப்பட்ட கூத்து பல்கலைக்கழகப் பாடமாகியது அம்முயற்சியின் பயனே. ஆயினும் அவர் கவனம் சென்ற இடங்கள் பெரிதும் மட்டக்களப்பும் மன்னாரும்தான். புத்தளக் கரைக்கு அத்தகைய ஒருவர் வாய்க்கவில்லை. அத்துடன், சொற்களை அச்சேற்றுவது எளிது. மெட்டையும் நடையையும் பதிவதற்கு இசை பயின்ற செவி வேண்டும்.

அந்தச் செவியை உடையவர்கள் இன்று சங்கீத ஆசிரியர்களாக அக்கரையோரப் பாடசாலைகளிலேயே இருக்கிறார்கள் என்பதுதான் நம்பிக்கை தரும் செய்தி. பாடநூலில் கிராமிய இசைக்கு இடம் உண்டு. ஆனால் அது நாடு முழுவதற்கும் பொதுவான பக்கம். உடப்பு மாணவன் செயன்முறைப் பரீட்சையில் ஒரு வர்ணத்தோடு தன் ஊர் அம்பாவையும் பாடிக்காட்டிப் புள்ளி பெறலாம் என ஒரு விதி வந்தால், பிள்ளைகள் தாமாகவே தாத்தாவிடம் சென்று கேட்பார்கள். பரீட்சைக்கு வருவதைத்தான் நம் சமூகம் மதிக்கும் என்ற உண்மையை நல்லதற்கும் பயன்படுத்தலாமே.

கரைவலையை வின்ச் இயந்திரம் இழுக்கத் தொடங்கியபின், தோள்களை ஒன்றுதிரட்டும் பாட்டுக்குத் தொழிலில் தேவையில்லாமற் போகிறது. கையால் வலையிழுத்துப் பாடியவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. அவர்களுடைய குரலைச் சுரப்படுத்திக்கொள்ள நமக்கு இருப்பது இந்த ஒரு தலைமுறைக் காலம் மட்டுமே.