கட்டைவிரல் அசைவிலிருந்து மனச்சோர்வுச் சிகிச்சை வரை: காந்த மூளைத் தூண்டலின் வரலாறு

முன்னுரை

மயக்க மருந்தோ அறுவையோ இன்றி, தலைக்கு வெளியே வைக்கப்படும் கம்பிச் சுருளின் வழியாக மூளையின் ஒரு பகுதியைத் தூண்டும் முறை காந்த மூளைத் தூண்டல் எனப்படுகிறது. மருந்துகளால் பயன்பெறாத மனச்சோர்வு நோயாளிகளுக்குரிய சிகிச்சையாக இது இன்று பல நாடுகளில் ஏற்கப்பட்டுள்ளது. ஆயினும், இக்கருவி மனநோய்க்கென உருவாக்கப்பட்டதன்று. நரம்புப் பாதைகளை அளக்கப் பிறந்த கருவி சிகிச்சைக் கருவியாக மாறியபோது, அதன் பயனை எவ்வாறு மெய்ப்பிப்பது என்னும் சிக்கல் எழுந்தது. அச்சிக்கலின் வழியாக இம்முறையின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஷெஃபீல்டுக் கருவி

மாறுகின்ற காந்தப்புலம் கடத்தியில் மின்னோட்டத்தைத் தோற்றுவிக்கும் என்பதை 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்தார். 1896-இல் பாரிசில் தார்சொன்வாலும் 1910-இல் இலண்டனில் சில்வானஸ் தாம்சனும் பெரிய சுருள்களுக்குள் தலையை வைத்தபோது ஒளிக்கீற்றுகள் தோன்றுவதைப் பதிவுசெய்தனர். மூளை தூண்டப்பட்டதற்கான சான்றாக முதலில் கருதப்பட்ட அவ்வொளி, விழித்திரையில் எழுந்ததென்றே பின்னாளில் விளக்கப்பட்டது.

1980-இல் மெர்ட்டனும் மார்ட்டனும் உச்சந்தலையின் மீது மின்னதிர்வு செலுத்தித் தசைகளை அசைத்துக் காட்டினர். ஆனால் அது வலி மிகுந்தது. ஐந்தாண்டுகளுக்குப் பின் ஷெஃபீல்டில் அந்தோணி பார்க்கர் குழுவினர் மின்முனைக்கு மாற்றாகச் சுருளைப் பயன்படுத்தினர். காந்தப்புலம் மண்டையோட்டைத் தடையின்றிக் கடப்பதால் வலியின்றிக் கைத்தசை அசைந்தது. ‘தி லான்செட்’ இதழில் 1985-இல் வெளியான அவர்களின் குறுங்கட்டுரை நரம்பியலாருக்குப் புதியதோர் அளவைக் கருவியைத் தந்தது. இங்கே ஐயத்திற்கு இடமில்லை. தூண்டினால் விரல் அசையும், அசைவதைக் கண்ணால் காணலாம்.

மனநிலையை நோக்கி

மனநிலைக்கு அத்தகைய விரல் இல்லை. 1993-இல் ஜெர்மனியில் மருந்துக்கு இணங்காத இருவரிடம் இம்முறை சோதிக்கப்பட்டது. 1995-இல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் மார்க் ஜார்ஜும் அவருடைய உடனாய்வாளர்களும் ஆறு நோயாளிகளுக்கு இடப்பக்க முன்மூளைப் புறணியில் நாள்தோறும் தூண்டல் அளித்தனர். மனச்சோர்வில் அப்பகுதியின் இயக்கம் குன்றுவதாக மூளைப் படங்கள் காட்டியதே அத்தேர்வுக்கு அடிப்படை. 1996-இல் பாஸ்குவால் லியோனே குழுவினர் 17 நோயாளிகளிடம் இடப்பக்கத் தூண்டலையும் பிற இடங்களின் தூண்டலையும் ஒப்பிட்டு, முன்னதே சிறந்ததென அறிவித்தனர்.

அப்பகுதியை எவ்வாறு கண்டறிந்தனர் என்பது கருதத்தக்கது. கட்டைவிரல் அசையும் புள்ளியை முதலில் தேடி, அங்கிருந்து 5 செ.மீ. முன்னே சுருளை நகர்த்தினர். விரலை அசைக்கப் போதிய குறைந்த வலிமையே தூண்டலின் அளவையும் தீர்மானித்தது. எல்லாத் தலைகளும் ஒரே அளவின அல்ல என்னும் எளிய உண்மை இவ்விதியில் விடுபட்டது. 2001-இல் ஹெர்விக் குழுவினர் 22 பேரிடம் ஆராய்ந்தபோது, எழுவருக்கு மட்டுமே சுருள் உரிய இடத்தில் அமைந்திருந்தது. தொடக்ககால ஆய்வுகளின் முரண்பட்ட முடிவுகளை மதிப்பிடுவோர் இதனை மறத்தலாகாது.

போலிச் சிகிச்சை என்னும் சிக்கல்

மாத்திரைக்குப் போலி செய்வது எளிது, சுருளுக்கு அரிது. ஒவ்வொரு துடிப்பிலும் சுருள் ஓசையெழுப்புகிறது. உச்சந்தலையில் தட்டுவது போன்ற உணர்வும் உண்டு. சுருளைச் சாய்த்து வைத்தலே பல தொடக்க ஆய்வுகளில் போலிச் சிகிச்சையாக இருந்தது. சாய்ந்த சுருளும் ஓரளவு மூளையைத் தூண்டக்கூடும். உணர்வின் வேறுபாட்டால் நோயாளி உண்மையை ஊகிக்கவும் கூடும்.

2007-இல் வெளியான ஓரியர்டன் குழுவினரின் ஆய்வில் 301 நோயாளிகள் பங்கேற்றனர். நான்காம் வாரத்தில் முதன்மை அளவுகோலில் கிடைத்த நிகழ்தகவு மதிப்பு 0.057, ஏற்கப்பட்ட வரம்பாகிய 0.05-ஐ அது மயிரிழையில் தவறவிட்டது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு பாதுகாப்பில் நிறைவுற்றாலும் பயனில் நிறைவுறவில்லை. எனினும், ஒரே ஒரு மருந்தால் பயன்பெறாதிருந்தோரிடம் தெளிவான வேறுபாடு காணப்பட்டதால், அப்பிரிவினருக்கு மட்டும் 2008 அக்டோபரில் ஒப்புதல் கிடைத்தது. முடிவு தெரிந்தபின் பிரித்தெடுத்த உட்குழு ஒன்றே சிகிச்சையின் வாயிலைத் திறந்தது.

அரசு நிதியில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வு இக்குறையைக் களைய முயன்றது. காந்தப்புலத்தைத் தடுக்கும் சுருளுடன், உச்சந்தலையில் ஒத்த உணர்வைத் தரும் மின்முனைகளும் பொருத்தப்பட்டன. மூளைப்படத்தைக் கொண்டு சுருளின் இடமும் சரிபார்க்கப்பட்டது. ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அதனை முன்னே நகர்த்த நேர்ந்தது. 190 பேரில் உண்மைச் சிகிச்சை பெற்றோருள் 14.1 விழுக்காட்டினரும் போலி பெற்றோருள் 5.1 விழுக்காட்டினரும் நோய்க்குறி நீங்கும் நிலையை எட்டினர். வேறுபாடு உறுதியானது, ஆனால் பெரும்பான்மையோர் நலமடையவில்லை என்பதும் அதே எண்களில் உள்ளது.

2018-இல் வெளியான இரு ஆய்வுகள் எதிரெதிர்த் திசைகளில் நின்றன. அமெரிக்க முன்னாள் படைவீரர் 164 பேரிடம் நடந்த ஆய்வில் உண்மைக் குழுவில் 41 விழுக்காட்டினரும் போலிக் குழுவில் 37 விழுக்காட்டினரும் அந்நிலையை எட்டினர். நாள்தோறும் கிடைத்த நெருங்கிய கவனிப்பே போலிக் குழுவையும் உயர்த்தியிருக்கலாம் என்னும் விளக்கம் ஏற்கத்தக்கது. கனடாவில் 414 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்வு, 3 நிமிடச் சிகிச்சை 37.5 நிமிடச் சிகிச்சைக்குக் குறைந்ததன்று எனக் காட்டியது. இங்குப் போலிக் குழுவே இல்லை. பயனுண்டா என்னும் வினா முடிந்துபோனதாகக் கொள்ளப்பட்டது. சுருளின் இடத்தை மூளைப்படம் காட்டிய இவ்வாய்விலும், தூண்டலின் வலிமை பழையபடியே தசையசைவைக் கொண்டு அளக்கப்பட்டது.