ஓசையும் தளமும்

மத்தளம் என்னும் சொல்லுக்கு அடியார்க்கு நல்லார் தரும் விளக்கம் எண்ணி இன்புறத்தக்கது. ‘மத்து’ என்பது ஓசையின் பெயர். இசைக்கு இடமான கருவிகள் யாவும் சார்ந்து நிற்கும் தளம் அது. ஆகவே மத்தளம் ஆயிற்று என்பது அவர் கருத்து. சிலப்பதிகார அரங்கேற்று காதை உரையில் இவ்விளக்கத்தோடு 31 தோற்கருவிகளின் பெயர்களையும் அவர் அடுக்கிச் சொல்கிறார். ஓசையும் அது தங்கும் தளமும் இங்கு ஒரே சொல்லில் பிணைந்து நிற்கின்றன. தோலின் எப்பகுதியில் அடி விழுந்ததோ அங்கேயே ஒலி பிறந்தது. பல நூற்றாண்டுகள் நிலைத்த இந்தப் பிணைப்பு இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அவிழ்ந்தது. அடி ஓரிடத்திலும் ஓசை வேறோரிடத்திலும் பிறக்கும் காலம் வந்தது. அவ்வரலாறும், அதனால் தமிழர் தாளக் கலைக்கு நேர்ந்த ஆக்கமும் இழப்பும் ஈண்டு ஆராயப்படுகின்றன.

தணிகைச் சாரலில் தாளம்

திருத்தணியும் அதனை அடுத்த கே.ஜி.கண்டிகை முதலிய ஊர்களும் தோற்கருவிகளின் ஓசைக்கு நன்கு பழகியவை. ஆடிக் கிருத்திகையன்று காவடிகள் மலையேறும்போது பம்பையும் உடுக்கையும் முழங்கும். தமிழ் பேசும் அடியவரும் தெலுங்கு பேசும் அடியவரும் அந்த ஒரே தாளத்துக்கு அடியெடுத்து வைப்பர். திருத்தணி 1960 ஏப்ரல் முதல் நாள் தமிழகத்தோடு இணைந்தது. எல்லைக்கோடு மாறியபோதும் பம்பையின் மொழி மாறவில்லை.

இதே தணிகையின்மீது அருணகிரிநாதர் அறுபதுக்கும் மேற்பட்ட திருப்புகழ்ப் பாக்களைப் பாடியுள்ளார். திருப்புகழ்ப் பதிப்புகளில் பாடலின் தலைப்பில் ‘தன’, ‘தான’, ‘தந்த’ என்னும் அசைகளால் சந்தக் குழிப்பு அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். அதற்குப் பொருள் இல்லை. இனிமையும் தனியே இல்லை. எங்கே நெடில், எங்கே குறில், எங்கே ஒற்று என்னும் கட்டளை மட்டுமே அதில் உண்டு. ஒரே குழிப்பில் வேறு வேறு சொற்களைப் பெய்து வேறு வேறு பாடல்கள் ஆக்கலாம். ஓசையின் அச்சை ஓசையினின்றும் பிரித்தெடுத்து எழுதும் முறை தமிழ்ப் புலவர்க்குப் புதிதன்று. மின்னணு டிரம்ஸ் செய்வதும் ஏறத்தாழ இதுவே.

பிரிவின் வரலாறு

1880இல் பிரான்சு நாட்டுக் கியூரி உடன்பிறந்தார் சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்னூட்டம் தோன்றுவதைக் கண்டறிந்தனர். நூறு ஆண்டுகளுக்குப் பின் அவ்வுண்மை தாளக் கருவிக்குள் புகுந்தது. 1980இல் ரோஜர் லின் அமைத்த எல்.எம்.1 என்னும் பொறி மெய்யான டிரம்ஸின் ஒலிப்பதிவுகளைத் தன்னுள் தேக்கி வைத்திருந்தது. 1981இல் சிம்மன்ஸ் நிறுவனத்தின் அறுகோணத் தட்டுகள் வந்தன. 1983இல் மிடி என்னும் பொது மொழி அமைந்து, ஒரு நிறுவனத்தின் கருவி மற்றொரு நிறுவனத்தின் கருவியோடு உரையாடத் தொடங்கியது. 1985இல் ரோலண்ட் நிறுவனம் எட்டுத் தட்டுகள் கொண்ட ஆக்டபேடை வெளியிட்டது. நம் மெல்லிசைக் குழுக்களின் மேடைகளில் ‘பேட்’ என்னும் சொல் வேரூன்றியது இத்தகைய கருவிகளால்தான். 1997இல் தோலுக்கு ஈடாக வலைத்துணி கட்டிய வி-டிரம்ஸ் வந்தது. 1999இல் ஸ்டெயின்பெர்க் நிறுவனத்தின் வி.எஸ்.டி. முறை விரிவடைந்து, கணிப்பொறிக்குள்ளேயே இசைக்கருவியை மென்பொருளாக அமைக்க வழி திறந்தது.

தமிழ்த் திரையிசையும் இம்மாற்றத்தில் பின்தங்கவில்லை. இளையராஜா இசையில் 1986இல் வெளிவந்த ‘விக்ரம்’, ‘புன்னகை மன்னன்’ ஆகிய படங்கள் கணிப்பொறியின் துணையை ஏற்ற தொடக்க முயற்சிகளாகப் பேசப்படுகின்றன. ஏ.ஆர்.ரகுமான் கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டியே ஒலிப்பதிவுக் கூடம் அமைத்துக்கொண்டார். 1992இல் வந்த ‘ரோஜா’ அங்கே உருவான இசை. பெரிய அரங்கில் பலர் கூடி ஒரே வேளையில் வாசித்த முறை தளர்ந்து, வீடே இசைக்கூடமாகும் நெறிக்கு இது முன்னோடியாயிற்று. அன்று சிலருக்கே கிட்டிய அவ்வசதி இன்று சிற்றூர்களின் சாதாரண வீடுகளுக்கும் எட்டும் தொலைவில் உள்ளது.

அடி எண்ணாகும் விதம்

கலைஞர் தட்டில் அடிக்கும்போது உள்ளிருக்கும் படிகம் சிறு மின்னதிர்வை எழுப்புகிறது. அது மிடி செய்தியாகிறது. எந்தத் தட்டு, எவ்வளவு வன்மை என்னும் இரண்டே அதன் உள்ளடக்கம். வன்மை 1 முதல் 127 வரையுள்ள எண்களுள் ஒன்று. பழைய மிடி கம்பிவழி இச்செய்தி சென்று சேர ஓராயிரத்தில் ஒரு விநாடியே ஆகும். மென்பொருள் அவ்வெண்ணைப் பெற்று, முன்னர்ப் பதிந்து வைத்த ஒலியை எழுப்புகிறது. நல்ல மென்பொருளில் மெல்லடிக்கும் வல்லடிக்கும் தனித்தனிப் பதிவுகள் உள்ளன. ஒரே வன்மையிலும் பல பதிவுகளை மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்வதால் எந்திரத்தின் ஒரே மாதிரித் தன்மை மறைகிறது.

கணிப்பொறி விடை தரும் காலத்தாழ்வு பத்து மில்லி விநாடி என்றால், மூன்றரை மீட்டருக்கு அப்பால் ஒலிக்கும் முரசைக் கேட்பது போன்றது. அதற்கு மேல் நீண்டால் கை தடுமாறும். இந்த எல்லைக்குள் நின்றால் பயன் பெரிது. பேருந்துச் சாலையை ஒட்டிய வீட்டிலும் வெளி இரைச்சல் பதிவில் கலவாது. அண்டை வீட்டார் உறக்கம் பெரிதும் கெடாது. கையின் நடை எண்களாய்ப் பதிந்திருப்பதால், ஓசையைப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம். ஒரு குழிப்பில் வேறு சொல் பெய்வது போல.

எண்ணுக்குள் அடங்காதது

எனினும் கை அறிந்த யாவும் எண்ணுக்குள் அடங்கிவிடுவதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் இடப்படும் கரிய வட்டம் அதன் ஒலியலைகளை ஒன்றற்கொன்று இசைவான மடங்குகளாக்குகிறது என்பதை சர் சி.வி.ராமன் 1920இல் ‘நேச்சர்’ இதழில் உடனாசிரியருடன் எழுதினார். 1934இல் மேலும் விரித்து நிறுவினார். அதே தோலில் விரல் நுனி விழும் இடமும், உள்ளங்கை தங்கும் நேரமும், இடந்தலையை அழுத்தி வளைக்கும் கும்காரமும் வேறு வேறு சொற்களாகின்றன. பேட்டின் சாதாரணத் தட்டு வன்மையை மட்டும் அறியும், விரலை அறியாது.

இதனினும் கருதத்தக்க இழப்பு வேறொன்று. 1991இல் வகுக்கப்பட்ட பொது மிடி ஒலிப்பட்டியலில் தாளக் கருவிகளுக்கென 47 எண்கள் ஒதுக்கப்பட்டன. இலத்தீன் அமெரிக்க இசையின் போங்கோவும் கோங்காவும் அங்கே உண்டு. பொது ஒலிகள் 128இல் ஜப்பானியரின் டைக்கோ முரசு உண்டு; நம் நாட்டுச் சிதாரும் ஷெனாயும்கூட உண்டு. மிருதங்கமோ தபலாவோ பறையோ அங்கே இல்லை. அடியார்க்கு நல்லார் 31 பெயர்களை எண்ணிக் காத்த மொழியின் முழக்கம் ஒன்றுகூட உலகின் அப்பொதுப் பட்டியலில் இடம் பெறவில்லை. பின்னாளில் தனி நிறுவனங்கள் இந்தியத் தாள ஒலிகளைச் சேர்த்தன. ஆயினும் கச்சேரி மேடைக் கருவிகளுக்குக் கிடைத்த இடம் பம்பைக்கும் உறுமிக்கும் எளிதில் கிடைத்துவிடவில்லை.

தோலைத் தொட்ட கைகளைத் தாழ்வாகக் கருதிய சமுதாயம் நம்முடையது. மின்னணுத் தட்டுக்குப் பிறப்பு இல்லை; எவர் வீட்டிலும் அது நுழையும். இது ஓர் ஆக்கமே. ஆனால் மென்பொருளில் தேங்கியிருக்கும் ஒவ்வோர் ஒலியும் யாரோ ஒருவர் அடித்த அடி. அடித்தவர் பெயரும் ஊதியமும் மறைந்து, ஓசை மட்டும் பண்டமாகுமானால், பழைய இழிவு புது உடை பூண்டதாகவே முடியும்.

குழிப்பு மட்டும் பாடலாகாது என்பதைத் தமிழ்ப் பாவலர் நன்கறிவர். அதில் பெய்யும் சொல் தமிழாக இருக்க வேண்டும். எண்களாய்ப் பதியும் கையின் நடைக்கும் அதுவே பொருந்தும். தணிகைச் சாரலில் ஓர் இளைஞர் தட்டில் அடிக்கும்போது, மறுமொழியாக எழும் ஓசை அயல்நாட்டு அறையொன்றில் பதிந்ததாக மட்டும் இருத்தல் போதாது. பம்பைக் கலைஞரின் அடிகளை வன்மைவாரியாக, விரல்வாரியாக, அவர் பெயரோடும் உரிய ஊதியத்தோடும் பதிந்து வைத்தல் இக்காலத்துக்கு உரிய உரைப்பணியாகும். ஓசைக்குத் தளம் தந்த கலைஞருக்கு அந்தத் தளத்தில் இடம் தருவதே முறை.