ஜூலியா சைல்டின் கோப்பறை

நோரா எஃப்ரான் இயக்கி 2009இல் வெளிவந்த ‘ஜூலி அண்ட் ஜூலியா’ படத்தை நான் நான்கு தடவை பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் பாதிப் படம் வரை சிரித்துக்கொண்டே இருப்பேன். பிறகு எங்கிருந்தோ ஓர் எரிச்சல் வந்து உட்கார்ந்துகொள்ளும். பிடிக்காத படத்தை யாரும் நாலு தரம் பார்ப்பதில்லை. பிடித்த படத்தின் மேல் எனக்கு என்ன கோபம்?

படத்தில் இரண்டு பெண்கள். ஒருவர் ஜூலியா சைல்ட். கணவரின் அரசாங்க வேலை காரணமாக 1948இல் பிரான்சுக்கு வந்து, 37 வயதில் ‘லெ கோர்டன் ப்ளூ’ சமையல் பள்ளியில் சேர்ந்து, சிமோன் பெக், லூயிசெட் பெர்தோல் என்ற இரு பிரெஞ்சுப் பெண்களோடு சேர்ந்து 1961இல் அமெரிக்கர்களுக்கான பிரெஞ்சுச் சமையல் நூலை வெளியிட்டவர். இன்னொருவர் ஜூலி பவல். அந்த நூலின் 524 சமையல் குறிப்புகளையும் 2002இல் தொடங்கி ஒரே ஆண்டில் தன் சின்ன அடுக்ககச் சமையலறையில் சமைத்து, அதை வலைப்பதிவாக எழுதியவர். இருவரும் சந்தித்ததில்லை.

ஜூலியாவாக மெரில் ஸ்ட்ரீப். குரலை மட்டும் காப்பியடித்திருந்தால் அது மிமிக்ரியாகப் போயிருக்கும். அவர் அந்தப் பெண்ணின் சந்தோஷத்தைப் பிடித்துவிட்டார். வகுப்பில் ஆண்களைவிட மெதுவாக வெங்காயம் நறுக்கினோமே என்ற ரோஷத்தில், வீட்டில் ஒரு மலை வெங்காயத்தைக் குவித்து வைத்துக்கொண்டு நறுக்கும் காட்சி இருக்கிறதே, அது போதும். கணவர் கதவைத் திறந்து, கண் எரிந்து, அப்படியே திரும்பிப் போய்விடுகிறார். நடுவயதில் ஒன்றைப் புதிதாகக் கற்பது எவ்வளவு வெட்கமானது, எவ்வளவு ருசியானது என்று இத்தனை நேர்மையாகச் சொன்ன படங்கள் குறைவு.

சரி, எரிச்சலுக்கு வருவோம். படம் பிரான்சின் துறைமுகத்தில் ஒரு காரை இறக்குவதில் தொடங்குகிறது. ஜூலியாவின் கதை அங்கே தொடங்கவில்லை. அது கண்டியில் தொடங்குகிறது.

1944இல் மௌண்ட்பேட்டன் தன் தென்கிழக்காசியப் போர்த் தலைமையகத்தை டெல்லியிலிருந்து கண்டிக்கு, பேராதனைப் பூங்காவுக்கு மாற்றினார். சி.ஐ.ஏ.வுக்கு முன்னோடியான ஓ.எஸ்.எஸ். என்ற அமெரிக்க உளவு அமைப்பும் தன் 404ஆம் பிரிவைக் கண்டிக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அமைத்தது. அலுவலகம் என்றால் கட்டடம் இல்லை, நம் ஊர் அத்தாப்புக் கொட்டகை மாதிரி ஓலைக் கூரைகள். பர்மா, தாய்லாந்து, மலாயா, சுமத்ரா என்று ஜப்பானியர் பிடித்துவைத்திருந்த நிலங்களுக்குள் நடந்த இரகசிய வேலைகள் இந்தப் பிரிவின் பொறுப்பு. அதன் கோப்பறையை நடத்தியவர் ஜூலியா மெக்வில்லியம்ஸ், பிற்கால ஜூலியா சைல்ட். ஆறடி இரண்டங்குலம், மிகவும் உயரம் என்று இராணுவப் பெண்கள் படையில் சேர்க்கப்படாதவர். நம் நாட்டைப் பற்றிய இரகசியத் தாள்களும் வந்து சேர்ந்த அறை அது. வரைபடங்களும் காட்சிப் பலகைகளும் தயாரிக்க வந்த பால் சைல்டை அவர் சந்தித்ததும் அங்கேதான்.

ஓ.எஸ்.எஸ். ஊழியர்களின் கோப்புகள், கிட்டத்தட்ட 24,000 பேருடையவை, 2008இல் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தால் திறந்துவிடப்பட்டன. படம் வந்தது அடுத்த வருடம். கண்டிக்கு வருமுன் வாஷிங்டனில் சுறாமீனை விரட்டும் கலவையை உருவாக்கிய பிரிவில் அவர் வேலை பார்த்ததைத்தான் எல்லாரும் ஆச்சரியமாகப் பேசுகிறார்கள். எனக்குச் சுறா முக்கியமில்லை, கோப்புதான் முக்கியம்.

ஏனென்றால் அந்தச் சமையல் நூல் ஒரு கோப்பறைக்காரி செய்த வேலை. கணவரின் பணி மாற்றத்தால் மார்செய், பான், வாஷிங்டன், ஆஸ்லோ என்று ஊர் ஊராகப் போனவர், பிரான்சில் இருந்த சிமோனோடு தபாலிலேயே நூலை வளர்த்தார். ஒவ்வொரு குறிப்பும் திரும்பத் திரும்பச் சமைக்கப்பட்டு, கார்பன் தாள் வைத்துத் தட்டச்சு செய்யப்பட்டு, அமெரிக்காவில் சிலருக்குச் சோதனைக்கு அனுப்பப்பட்டது. அந்தத் தாள்களின் மேல் ‘இரகசியம்’ என்று எழுதி அனுப்பினார். விளையாட்டுதான், ஆனால் பழக்கமும்தான். இரண்டாம் தொகுதிக்காகப் பிரெஞ்சு ரொட்டியை வீட்டு அடுப்பில் வரவழைக்க 284 பவுண்டு மாவு செலவானது. படத்தில் தட்டச்சுப் பொறி வருகிறது, கார்பனும் வருகிறது. ஆனால் அந்த ஒழுங்கு எங்கே பழகியது என்பது வருவதில்லை. சிலோன் என்ற சொல் விருந்து மேசையில் ஒரு வேடிக்கைப் பேச்சாக எட்டிப்பார்த்துவிட்டுப் போய்விடுகிறது.

1955இல் பாலை வாஷிங்டனுக்கு வரவழைத்து விசாரிக்கிறார்கள். கம்யூனிஸ்டா, ஓரினச்சேர்க்கையாளரா என்று கேள்விகள். அதன் வேரும் கண்டியில்தான். அங்கே உடன் வேலை பார்த்த ஜேன் ஃபாஸ்டர் என்ற தோழியின் மேல் சோவியத் உளவாளி என்ற சந்தேகம் விழுந்திருந்தது. முன்கதை இல்லாததால் அந்தக் காட்சி படத்தில் ஒரு சின்ன மேகம்போல் கடந்துவிடுகிறது. அடுத்த காட்சியில் மறுபடி வெண்ணெய்.

மூன்றாவது தடவை அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். அம்மாவுக்கு ஆங்கிலம் பாதிதான் பிடிபடும், சமையல் முழுக்கப் பிடிபடும். முக்கால் மணி நேரம் பேசாமல் இருந்தவர் கேட்டார்: “ஏம்மா, இம்புட்டு சட்டியயும் யாரு கழுவுறா?”

இதைவிட நல்ல விமர்சனத்தை நான் படித்ததில்லை. வீட்டு வேலைக்கு ஆள் இல்லாத அமெரிக்கருக்கான நூல் இது என்று அதன் முன்னுரையிலேயே சொல்லியிருக்கிறார்கள். பாரிஸ் வீட்டில் தங்களுக்கு ஒரு வேலைக்காரப் பெண் இருந்ததை ஜூலியாவே தன் நினைவுக்குறிப்பில் மறைக்காமல் எழுதுகிறார். படத்தில் அந்தப் பெண் கண்ணில் படும்படி இல்லை. பசியும் இல்லை. 1949 வரை பிரான்சில் பங்கீட்டு அட்டை இருந்தது. படத்துப் பாரிஸிலோ சந்தைக்குப் போனால் எல்லாம் குவிந்து கிடக்கிறது. டாலர் சம்பளக்காரரின் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும் என்று வேண்டுமானால் சமாதானம் சொல்லலாம்.

அம்மா விடவில்லை. “ஜப்பான்காரன் காலத்துல ஒங்க பாட்டி மரவள்ளிக்கெழங்க எத்தன விதமா செஞ்சிருப்பாங்க. அத யாராச்சும் எழுதி வச்சாங்களா?” பாட்டி தோட்டத்தில் பால் வெட்டியவர். மாவாக இடித்து, அவித்து, வெறும் உப்பு போட்டு என்று அம்மாவுக்கு நினைவிருப்பது மூன்று வகை. மீதி பாட்டியோடு போய்விட்டது.

இன்னொன்றும் மனதில் உறுத்துகிறது. அந்தக் கார் பிரான்சில் இறங்கியது 1948 நவம்பர் தொடக்கத்தில். அதே மாதம் 15ஆம் தேதி இலங்கையில் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கண்டி மலைகளில் தேயிலை பறித்த தமிழர்கள் ஏறத்தாழ 7 லட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். இதற்கும் எஃப்ரானுக்கும் சம்பந்தமில்லை, இது அவர் கதையும் இல்லை. ஆனாலும் அந்தத் தேயிலைத் தோட்டத்தை அறிந்தபின், காரை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், ஜூலியின் பாதியில் இந்த மறதி இல்லை. இரட்டைக் கோபுரங்கள் விழுந்த இடத்தின் மறுசீரமைப்பு அலுவலகத்தில் நாளெல்லாம் தொலைபேசியில் பாதிக்கப்பட்டவர்களின் அழுகையைக் கேட்கும் பெண் அவள். மாலையில் அவள் ஏன் சமைக்கிறாள் என்று நமக்குப் புரிகிறது. விமர்சகர்கள் பலர் ஜூலியின் பகுதியை வெட்டியிருக்கலாம் என்றார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. ஜூலியாவே அந்த வலைப்பதிவை ரசிக்கவில்லை என்று பதிப்பாசிரியர் ஜூடித் ஜோன்ஸ் சொன்னார், படத்திலும் அது வருகிறது. எனக்கு அதில் பாதி நியாயம் தெரிகிறது. இருந்தாலும், காரியம் கெட்டு அழுக்கான சமையலறைத் தரையில் படுத்து அழும் ஜூலியைத்தான் நான் அறிவேன். ஜூலி பவல் 2022இல், 49 வயதில் இறந்துபோனார்.

படத்தின் முடிவில் ஜூலி, ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஜூலியாவின் சமையலறையைப் பார்க்கப் போகிறாள். வெண்ணெய்க் கட்டி ஒன்றை அங்கே வைத்துவிட்டு வருகிறாள். எல்லாரும் அந்த வெண்ணெயைப் பார்ப்பார்கள். நான் நான்காவது தடவை, பாத்திரங்கள் மாட்டியிருக்கும் துளைப்பலகையைத் தேடினேன். மனைவியின் உயரத்துக்காக மேடையை வழக்கத்தைவிட இரண்டு அங்குலம் உயர்த்திக்கொடுத்த பால் சைல்ட், அந்தப் பலகையில் ஒவ்வொரு சட்டியின் விளிம்பையும் கோடாக வரைந்து வைத்திருந்தார். யார் எடுத்தாலும், எது எங்கிருந்து வந்ததோ அதே இடத்தில் திரும்ப மாட்டலாம். அம்மா பார்த்திருந்தால், கழுவின ஆளுக்கும் அது வசதிதான் என்றிருப்பார்.