கேம்பிரிட்ஜில் ஆங்கிலம்: ஒரு தேர்வும் ஒரு பள்ளியும்

அயல்நாட்டினர் ஆங்கிலம் கற்க நாடிவரும் நகரமாக இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் வளர்ந்த வரலாற்றின் தொடக்கப் படிகளுள் ஒன்று, அதன் பல்கலைக்கழகம் 1913-இல் ஏற்படுத்திய ஆங்கிலப் புலமைச் சான்றிதழ்த் தேர்வாகும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோருள், குறிப்பாக அதைக் கற்பிக்க விழைவோரின் திறனை அளக்க வகுக்கப்பட்ட அத்தேர்வில், மொழிபெயர்ப்பு, கட்டுரை, இலக்கணம், பேச்சொலிகளை ஆராயும் ஒலியியல் என ஏறத்தாழ 12 மணி நேரம் நீண்ட தாள்களை எதிர்கொண்ட மூவருள் ஒருவரும் தேறவில்லை. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியரிடம் பிடிபட்டு, போர்னியோத் தீவின் கூச்சிங் முகாமில் அடைபட்டிருந்தபோது சக கைதிகளுக்காக மறைவாகக் கல்வி வகுப்புகளை அமைத்த ஃபிராங்க் பெல், மொழிக்கல்வி நாடுகளிடையே நல்லிணக்கத்தை வளர்க்கும் என்னும் நம்பிக்கையோடு, 1955-இல் கேம்பிரிட்ஜில் ஒரு மொழிப்பள்ளியை, அதாவது பட்டப்படிப்பின்றி மொழியை மட்டுமே பயிற்றும் நிறுவனத்தை, தொடங்கினார். தேர்வு அளவுகோலைத் தந்தது. பள்ளி அதற்கேற்ற வகுப்பறையைத் தந்தது.