கைப்பிடியின் வரலாறு: செங்கம் நடுகல் முதல் தஞ்சை ஆயுதசாலை வரை

வேலூரிலிருந்து போளூர் போகும் சாலையில் கண்ணமங்கலம் வந்ததும் ஆரணிச் சாலை கிழக்கே பிரிகிறது. மேற்கே சவ்வாது மலை தெரியத் தொடங்குகிறது. வடக்கே வேலூர்க் கோட்டை. தெற்கே சந்தவாசல் வழியாகப் போனால் படவேடு. மலைக்கு அந்தப் பக்கம் செங்கம். பல்லவர் காலம் தொட்டு ஆர்க்காட்டு நவாபு காலம் வரை படைகள் ஓயாமல் நடந்த நிலம் இது. 1751 டிசம்பரில் ஆங்கிலேயத் தளபதி ராபர்ட் கிளைவின் படையும் பிரெஞ்சுக்காரர் ஆதரித்த ராசா சாகிபின் படையும் மோதிக்கொண்டதும் ஆரணியில்தான். இத்தனை போர் கண்ட வட்டாரத்தில் வாள் எப்படி இருந்தது, அதை எப்படிப் பிடித்தார்கள், பிடித்த கையை எது காத்தது என்ற கேள்விகளுக்கு விடை தேடினால் கல்லுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. தென்னிந்திய உருக்கைப் பற்றியும் அதில் அடித்த அலகைப் பற்றியும் நிறையவே எழுதப்பட்டுவிட்டது. கைப்பிடி அவ்வளவு பேறு பெறவில்லை. ஒரு வாள் எந்த நாட்டது, எந்தக் காலத்தது, யாருக்காகச் செய்யப்பட்டது என்பதை அலகைவிடத் தெளிவாகச் சொல்வது கைப்பிடிதான். அலகு கடல் கடந்து வரும், கை மாறும், முறிந்தால் வேறொன்றாகும். கைப்பிடி அந்தந்த ஊர்க் கொல்லனின் வேலை.

இந்தப் படிப்பு எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு ஜப்பான் சான்று. அங்கே வாளின் அலகுக்கும் பிடிக்கும் நடுவில் செருகப்படும் தட்டையான இரும்புத் தகடு ட்சுபா எனப்படும். உள்ளங்கை அளவே இருக்கும். கை அலகின்மேல் வழுக்காமல் தடுப்பதும் வாளின் எடையைச் சமன்செய்வதும் அதன் வேலை. நடுவில் அலகின் வால் நுழைய ஒரு துளை. சிலவற்றில் உறையோடு செருகி வைக்கும் சிறுகத்திக்காகப் பக்கத்தில் இன்னொன்று. இந்தச் சிறு தகட்டையும் பிடியின் மற்ற உலோக அணிகளையும் வைத்துக்கொண்டு கோத்தோ குடும்பத்தார் 15-ஆம் நூற்றாண்டிலிருந்து தலைமுறை தலைமுறையாக வேலை செய்தார்கள். முன்னோர் செய்த பொருளைப் பார்த்து இன்னார் கைவேலை என்று சான்றிதழும் எழுதிக் கொடுத்தார்கள். 1781-இல் ஒசாகா வணிகர் இனாபா ட்சூரியூ, வாள் அணிகளைப் பற்றி 'சோகென் கிஷோ' என்னும் நூலை ஏழு தொகுதிகளாக வெளியிட்டார். வாள் இடுப்பில் இருந்த காலத்திலேயே அணிகளுக்கு ஆய்வு நூல் வந்துவிட்டது. 1876-இல் மெய்ஜி அரசு பொதுமக்கள் வாள் தரிப்பதைத் தடைசெய்தபோது, ஆயிரக்கணக்கான ட்சுபாக்கள் வாளிலிருந்து கழன்று சந்தைக்கு வந்தன. ஐரோப்பாவும் அமெரிக்காவும் அவற்றை வாங்கின. வாள் அணி செய்த கானோ நாட்சுவோ புதிய நாணயங்களுக்கு அச்சு செதுக்கப் போனார். பிறகு தோக்கியோ கலைப்பள்ளியில் ஆசிரியரானார். அகியாமா க்யூசாக்கு போன்ற சேகரிப்பாளர்கள் இரும்பின் நிறம், துளையின் விளிம்பு, உளியின் போக்கு ஆகியவற்றைக் கொண்டு பட்டறைகளைப் பிரித்தறியும் முறையை வளர்த்தார்கள்.

இது நடந்ததற்கு மிக எளிமையான காரணம் ஒன்று உண்டு. அது வாளின் அமைப்பிலேயே இருக்கிறது. ஜப்பானிய வாளில் பிடியை அலகோடு பிணைப்பது ஒரே ஒரு மூங்கில் முளை. அதைத் தட்டி எடுத்தால் பிடி, ட்சுபா, வளையங்கள் எல்லாம் தனித்தனியே கையில் வந்துவிடும். ஒரே அலகுக்கு வீட்டில் ஒன்றும் அரசவையில் ஒன்றுமாக அணி மாற்றலாம். நம் ஊர் வாளில் அது முடியாது. கைப்பிடியின் அடியிலிருந்து அலகின் இருபுறமும் இரும்பு நாக்குகள் நீண்டு இறங்கும். அலகை நடுவில் வைத்து ஆணி அடித்து இறுக்கிவிடுவார்கள். வேறு வகையில் பிடியின் உட்குழிவில் அரக்குக் கலவையைக் காய்ச்சி ஊற்றி அலகின் வாலை அதில் பதிப்பார்கள். இரண்டிலும் பிடியைக் கழற்றுவதென்றால் ஆணியை வெட்ட வேண்டும் அல்லது நெருப்பில் காட்ட வேண்டும். ஆகவே கைப்பிடி இங்கே தனிப் பொருளாகவில்லை. தனிப் பெயரும் தனிச் சந்தையும் அதற்குக் கிடைக்கவில்லை. செய்தவன் பெயர் பொறிக்கும் வழக்கமும் வேரூன்றவில்லை.

எனவே நமக்குக் காலக்கணக்கு கொடுப்பவை கல்வெட்டோடு கூடிய நடுகற்கள். தமிழ்நாடு தொல்லியல் துறை 1970-களின் தொடக்கத்தில் இரா. நாகசாமியின் தலைமையில் செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் திரட்டி வெளியிட்டது. பல்லவ மன்னர்களின் ஆட்சியாண்டு பொறித்த வட்டெழுத்துக் கற்கள் அவற்றில் நிறைய. எடுத்தனூர்க் கல் இவற்றில் பெயர் பெற்றது. மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அந்தக் கல், மாடு கவரும் தொறுப்பூசலில் பட்ட கருந்தேவக்கத்தி என்பவனை மட்டுமல்லாமல் கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயையும் நினைவுகூர்கிறது. நாய்க்குப் பெயர் தந்த கல் ஆயுதத்தைப் பற்றி எழுத்தில் ஒன்றும் சொல்வதில்லை. உருவம் சொல்கிறது. இந்த வட்டாரத்துக் கற்களில் பெரும்பாலும் வீரனின் இடக்கையில் வில், வலக்கையில் குறுவாள். புடைப்பு தேயாமல் தெளிவாக இருக்கும் கற்களில் கவனித்தால், மூடிய முட்டிக்கு வெளியே ஒரு பக்கம் சிறு குமிழ் நீட்டிக்கொண்டிருக்கும். மறுபக்கம் அலகு தொடங்குமிடத்தில் ஒரு குறுக்குத் தடிப்பு. அவ்வளவுதான். விரலை மறைக்கும் எதுவும் இல்லை. மாடு கவர வந்தவனோடு நெருங்கிப் பொருதவனுக்குக் கையைக் காத்தது இன்னொரு கையின் கேடயம், அதுவும் இருந்தால்.

இந்தக் கற்கள் பல இன்றும் வேடியப்பன் என்ற பெயரில் வழிபடப்படுகின்றன. எண்ணெயும் மஞ்சளும் ஏறிய கல்லில் குமிழின் வடிவம் தெரியாமல் போகலாம் என்று ஆய்வாளர் வருந்தலாம். ஆனால் வழிபாடு இல்லாமல் வயல் வரப்பில் கிடந்த கற்கள் துணி துவைக்கவும் படிக்கட்டாகவும் போயிருக்கின்றன. வேடியப்பன் ஆன கல்தான் பிழைத்தது. இதே பெயரைத் தாங்கிய வேடியப்பன் மலையும் அருகிலுள்ள கவுத்தி மலையும் திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் இரும்புத்தாது நிறைந்த மலைகள் என்பதையும் இங்கே சேர்த்து நினைக்கத் தோன்றுகிறது.

செங்கத்திலிருந்து படவேட்டுக்கு வரும்போது ஏழு நூற்றாண்டுகள் கழிந்துவிடுகின்றன. படவேடு சம்புவராயர்களின் படைவீடு. 14-ஆம் நூற்றாண்டின் நடுவில் விஜயநகர இளவரசன் குமார கம்பணன் தெற்கே இறங்கியபோது முதலில் வென்றது இந்தச் சம்புவராயனைத்தான். கம்பணனின் மனைவி கங்காதேவி எழுதிய 'மதுரா விஜயம்' என்னும் வடமொழிக் காவியம் அந்தப் போரைப் பாடுகிறது. பிறகு மதுரைச் சுல்தானை வெல்லக் கம்பணனுக்கு ஒரு தெய்வ வாள் கிடைத்த கதையையும் சொல்கிறது. வாளே அரசுரிமையின் அடையாளம் என்ற நினைப்பு அக்காலத்தில் எவ்வளவு வலுவாக இருந்தது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று இந்தப் பகுதிக்குக் கிடைக்காது. கம்பணனுக்குப் பின் வந்த விஜயநகரப் படைமுறையில் குதிரைக்கு முதலிடம். குதிரை வந்ததும் வாள் நீண்டது. வாள் நீண்டதும் கைக்காப்பு தேவைப்பட்டது.

அந்த மாற்றத்தின் முதிர்ந்த வடிவத்தைக் கண்ணமங்கலத்துக்காரர்கள் பேருந்தேறிப் போய்ப் பார்க்கலாம். வேலூர்க் கோட்டைக்குள் சலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபம் 16-ஆம் நூற்றாண்டு நாயக்கர் திருப்பணி. முகப்புத் தூண்களில் யாளியும் குதிரையும் பாய்ந்து எழுகின்றன. மேலே சவாரி வீரர்கள், காலடியில் காலாட்கள். கூட்டம் கூட்டமாக வருபவர்கள் யாளியின் வாயைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். சற்றுக் கீழே, வீரர்களின் மணிக்கட்டருகே பார்க்க வேண்டும். சிற்பி அங்கே அலட்சியமாக இருக்கவில்லை. திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத்திலும் இதே வகைக் குதிரைத் தூண்கள் உண்டு. விலங்கின் உடலில் கட்டாரி பாய்ச்சும் வீரனை அங்கே காணலாம். விஜயநகர, நாயக்கர் காலச் சிற்பங்களைத் தொடர்ந்து பார்த்து வருபவருக்கு மூன்று மாற்றங்கள் புலப்படும்: குறுக்குத் தடிப்பு அகன்று தகடாகிறது, அதிலிருந்து ஒரு வளைவு எழுந்து விரல்களை மறைத்தபடி குமிழைத் தொடுகிறது, குமிழ் தட்டாக விரிந்து, அதன் உச்சியில் முளை ஒன்று நீள்கிறது. அந்த முளை வெறும் அழகுக்கு அல்ல. ஓங்கி வெட்டும்போது இரண்டாவது கை பற்றிக்கொள்ள இடம் அது.

கட்டாரியின் கதை இதைவிடச் சுவையானது. கட்டாரியில் பிடி அலகுக்கு நேராக இருக்காது, குறுக்கே இருக்கும். இரு பக்கச் சட்டங்களுக்கு நடுவில் இரண்டு குறுக்குக் கம்பிகள்; அவற்றைப் பற்றிக் குத்தினால் முட்டியே அலகுக்குப் பின்னால் நிற்கும். குத்தின் முழு வலுவும் அலகில் இறங்கும் என்பது பயன். புறங்கை எதிரிக்குத் திறந்து கிடக்கும் என்பது ஆபத்து. இந்த ஆபத்துக்குத் தென்னாட்டுக் கொல்லர் கண்ட தீர்வு, புறங்கையின்மேல் படம் எடுத்தாற்போல் வளையும் ஒரு தகடு. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் படைக்கலப் பகுதியில் உள்ள தஞ்சைக் கட்டாரிகளில் அதை அருகில் நின்று பார்க்கலாம். அந்தத் தகடு தையல் வேலைபோல் துளையிடப்பட்டிருக்கும். கொடிகள், யாளிகள், பறவைகள், உச்சியில் சுருண்டு நிற்கும் விலங்குத் தலை. எல்லாம் இரும்பிலேயே உளியால் வெட்டியவை. துளையிட்டதால் எடை குறைகிறது. வளைத்ததால் வலிமை குறையவில்லை. உலகத்தின் எந்த ட்சுபாவுக்கும் பக்கத்தில் தயங்காமல் வைக்கலாம் என்று நான் கருதும் வேலைப்பாடு இது.

ஆனால் இந்தப் பிடிகளில் இறுக்கியிருக்கும் அலகுகளில் பல ஐரோப்பாவில் அடிக்கப்பட்டவை. கடற்கரைத் துறைமுகங்கள் வழியாக வந்த வாள்களை வெட்டிக் குறுக்கி, நாக்குகளுக்கு நடுவே வைத்து ஆணியடித்திருக்கிறார்கள். அலகை மட்டும் பார்ப்பவர் இத்தாலியையும் ஜெர்மனியையும் பற்றி எழுதுவார். தஞ்சையைத் தேடுபவர் பிடியைத்தான் பார்க்க வேண்டும்.

இதே கடற்கரை ஜப்பானையும் தொட்டது. டச்சுக் கம்பெனி 1610-இல் பழவேற்காட்டில் கால் ஊன்றியது. 1641 முதல் நாகசாகியின் தெஜிமாத் தீவில் இருந்தது. சோழமண்டலக் கரையின் இரும்பும் உருக்கும் அவர்களுடைய கப்பல்களில் அவர்களின் கிழக்குத் தலைமையிடமான பத்தேவியாவுக்குப் போயின. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொக்குகாவா அரசுக்கு வாள் செய்த யாசுட்சுகு, தம் அலகுகளில் தென்திசை அயலாரின் இரும்பால் செய்தது என்று பொறித்தார். அந்த இரும்பின் பிறப்பிடமாக ஆய்வாளர்கள் கருதிப் பார்க்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அந்தத் தென்திசையின் பெயராலேயே ஒரு ட்சுபா வகையும் உண்டு: கொடிச் சுருள்களும் டிராகன்களும் பின்னிப் பிணைந்த துளைவேலை. தஞ்சைக் கட்டாரித் தகட்டைப் பார்த்த கண்ணுக்கு அது அந்நியமாகத் தெரியாது. இதைக்கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று சொல்லிவிட முடியாது. ஒரே கம்பெனியின் கப்பல்கள் இரு கரைகளையும் தொட்டன என்ற அளவில் நிற்பதே நேர்மை.

முடிவு இங்கே கொடுமையாக வந்தது. பாளையக்காரர் போர் ஒடுக்கப்பட்டபின், 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் பிரகடனம் ஒன்றை வெளியிட்டார்: கோட்டைகள் இடிக்கப்படும், மக்களிடமுள்ள ஆயுதங்கள் பறிக்கப்படும். ஜப்பானியத் தடைக்கு முக்கால் நூற்றாண்டு முந்தைய தடை இது. அங்கே தடை வந்தபோது சேகரிப்பாளனும் நூலும் சான்றிதழும் தயாராக இருந்தன. தடையிட்டதும் சொந்த அரசு. இங்கே பறித்தது அந்நிய ஆங்கிலேயக் கம்பெனி. அந்த இரும்பின் மதிப்பை எழுதிவைக்க யாரும் இருக்கவில்லை. 1855-இல் தஞ்சையின் கடைசி மராத்திய மன்னர் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்ததும், அரண்மனை ஆயுதசாலையும் கம்பெனியின் கைக்குப் போனது. அங்கே நடந்ததைச் சென்னை மாகாண அதிகாரியாக இருந்த எம். ஜே. வால்ஹவுஸ் 1878-இல் 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழில் எழுதினார். துருவேறிக் குவிந்து கிடந்த ஆயுதங்களிலிருந்து நல்லவை பொறுக்கியெடுக்கப்பட்டு 1860-களில் சென்னை அருங்காட்சியகத்துக்குச் சென்றன. மிச்சத்தின் பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டது. பொறுக்கியவர்களின் கண்ணுக்கு அழகாகப் பட்டது பிழைத்தது. சாதாரணப் போர்வீரனின் பிடி உலைக்குப் போனது. இன்று நமக்குக் கிடைப்பது தஞ்சைக் கைப்பிடிகளின் வரலாறு அல்ல, அவற்றில் மேலான சிலவற்றின் வரலாறு என்பதை ஆய்வாளர் ஒவ்வொரு முறையும் நினைவில் வைத்தாக வேண்டும்.

அதன் பிறகு வந்தவை பட்டியல்கள். எகர்டன் பிரபு 1880-இல் லண்டனில் இந்தியப் படைக்கலங்களுக்குக் கையேடு வெளியிட்டார். அமெரிக்கச் சேகரிப்பாளர் ஜார்ஜ் கேமரான் ஸ்டோன் 1934-இல் உலகப் படைக்கலங்களுக்கே ஒரு சொற்களஞ்சியம் தந்தார்; அவருடைய சேகரிப்பு 1935-இல் உயில்வழி நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குச் சேர்ந்தது. அந்த ஒரே சேகரிப்பில் ஜப்பானிய வாள் அணிகளும் இருக்கின்றன, தஞ்சைக் கட்டாரிகளும் இருக்கின்றன. ஜப்பானியத் துண்டுக்குப் பல இடங்களில் பட்டறையும் செய்தவர் பெயரும் உண்டு. கட்டாரிக்கு ஊரும் நூற்றாண்டும் மட்டும். ராபர்ட் எல்குட் 2004-இல் வெளியிட்ட இந்துப் படைக்கலங்களும் சடங்குகளும் பற்றிய நூல்தான், சென்னையின் தஞ்சைத் தொகுப்பைக் கோயில் சிற்பங்களோடு ஒப்பிட்டுக் காலம் கணிக்கும் வழியை விரிவாகத் திறந்தது. அந்த வழியைத் தமிழில் முன்னெடுக்க வேண்டியது நம் கடமை.

தனியார் சேகரிப்பைப் பற்றியும் ஒரு சொல். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நூறாண்டு கடந்த பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை விதிக்கிறது. உள்நாட்டில் வைத்திருப்போர் அதைத் துலக்கி மினுக்காமல் இருந்தாலே பெரிய உதவி. துருவை அமிலத்தில் கழுவினால் உளியின் தடமும் பழைய பொன்பூச்சின் எச்சமும் சேர்ந்து போகும். நாக்கில் எத்தனை ஆணி, எந்த இடைவெளி, குமிழ் தனியே பொருத்தியதா அல்லது ஒரே வார்ப்பா, உட்குழிவில் அரக்கு மிச்சம் இருக்கிறதா என்பவை அளந்து எழுதப்பட வேண்டியவை. பட்டறையைக் காட்டிக்கொடுக்கும் விவரங்கள் இவைதான். சவ்வாது மலை அடிவாரத்து நடுகற்களுக்கும் இதே பதிவு தேவை. ஊரார் இசைவோடு, எண்ணெய்க்காப்பு குறைந்திருக்கும் நாளில், பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படம் பல தேய்ந்த குமிழ்களை மீட்டுத்தரும். வேலூர் மண்டபத் தூண்களில் கல்லாக நிற்கும் கைப்பிடிகள் ஒவ்வொன்றையும் அளவுகோல் வைத்துப் படமெடுத்து, சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இரும்பாக இருக்கும் கைப்பிடிகளோடு வரிசைப்படுத்துவதிலிருந்து இந்த வேலையைத் தொடங்கலாம்.