நாயும் உடையவன் பெயரும்

"நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம்" என்னும் பழமொழியை அறியாத தமிழர் இலர். தமிழ்நாட்டின் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் என்னும் சிற்றூரிலோ கல்லையும் நாயையும் ஒருங்கே காணலாம். பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், அங்கு நாட்டப்பெற்ற நடுகல் ஒன்று, கருந்தேவக்கத்தி என்னும் வீரன் எருமைகளைக் காக்குமிடத்துப் பட்ட செய்தியைக் கூறுகின்றது. வீரனின் அருகே நாய் ஒன்றும் செதுக்கப்பட்டுள்ளது. அதன் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்து அது காவல் நின்றது என்பதும் அக்கல்லிலே பொறிக்கப்பட்டிருக்கின்றது.

கல் எடுத்தவர்கள் "வீரனின் நாய்" என்று மட்டும் பொறித்திருக்கலாம். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. நாயின் பெயரையும் உடையவன் பெயரையும் ஒரே கல்லில் வெட்டினார்கள். இன்ன நாய் இன்னாருடையது என்று ஊரறிய எழுதி வைக்கும் வழக்கத்திற்குத் தமிழில் இதனினும் பழைய சான்று தேடுவது எளிதன்று. பிற்காலத்தில் அரசாங்கங்கள் பதிவேடு வைத்தும், பட்டி பூட்டியும், இன்று தோலின் கீழே நுண்சில்லு செலுத்தியும் செய்ய முயல்வது இதனையே.

யாழ்ப்பாணக் குடாநாட்டில், நிலாவரைக் கிணற்றின் அயலிலுள்ள புத்தூரில், நாயின் நிலை வேறு வகையாக அமைந்தது. கிடுகு வேலியும் படலையும் உள்ள வளவுகளில் நாய் இராக் காவலுக்கு உரியது. வெங்காயமும் புகையிலையும் விளையும் செம்மண் தோட்டத்திற்கும், கொட்டிலில் நிற்கும் ஆட்டுக்கும் அதுவே துணை. இரவில் இவ்வாறு உழைத்த நாய் பகலில் ஒழுங்கை எங்கும் உலவும். ஒரு வீட்டில் காலைக் கஞ்சியும், மறு வீட்டில் மத்தியானச் சோறும், கோயிலடியில் அன்னதான நாளிற் பெரு விருந்தும் அதற்குக் கிடைக்கும். சோறு இடும்போது மூன்று வளவுக்கும் பொதுவான நாய், யாரையேனும் கடித்துவிட்டால் எந்த வளவுக்கும் உரியதன்று. "அது எங்கடை நாய் இல்லை" என்னும் சொல் அப்பொழுது மூன்று படலைகளிலும் ஒருங்கே எழும். இந்த ஒரு சொல்லினால் விளைந்த கேடு பெரிது.

ஆங்கிலேயர் இலங்கையில் இயற்றிய சட்டங்களுள் இரண்டு இதனோடு தொடர்புடையவை. 1893ஆம் ஆண்டின் நீர்வெறுப்பு நோய்க் கட்டளைச் சட்டம் ஒன்று; 1901ஆம் ஆண்டின் நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டம் மற்றொன்று. பின்னது எதிர்பார்த்த காரியம் எளியது. நாயை உடையவன் ஆண்டுதோறும் உள்ளூர் அதிகாரியிடம் அதனைப் பதிதல் வேண்டும். பதியப்படாத நாயைப் பிடிக்கலாம். எவரும் உரிமை கோராவிடின் கொல்லலாம். சட்டம் இயற்றியோரின் நாட்டிலே நாய்க்கு வரி விதித்தல் 1796ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. 1867இல் அது அனுமதிச் சீட்டாக மாறி, 1987 வரையில் நிலவியது. ஆகவே நாய்க்குக் காசு கட்டுவது அவர்களுக்குப் பழகிய செய்தி. வளவுக்கு வரி, வண்டிலுக்கு வரி என்று கட்டிச் சலித்த கிராமத்தவருக்கோ இது இன்னுமொரு வரியாகத் தோன்றியதில் வியப்பில்லை. காசு கட்டினால் நாய்க்கு என்ன கிடைக்கும் என்று கேட்டவனுக்கு, நாயின் உயிர் கிடைக்கும் என்று விளக்கிச் சொல்வாரும் அரியர்.

கொல்லுதலையே முதல் வழியாகக் கொண்ட ஆட்சி, மக்களின் மனத்தை எங்கும் வென்றதில்லை. 1832ஆம் ஆண்டு யூன் மாதத்தில் பம்பாயிலே கட்டாக்காலி நாய்களைக் கொல்லுவித்த அரசாங்கத்தை எதிர்த்துப் பார்சி மக்கள் கிளர்ந்தெழுந்தனர், கடைகள் மூடப்பட்டன, நகரம் நிலைகுலைந்தது. இலங்கையில் அத்தகைய கலகம் நிகழவில்லை. ஆயினும் நாய்பிடிகாரரின் வண்டி வருகிறது என்றவுடன் பதியாத நாயை அறைக்குள்ளே பூட்டி வைப்பதும், வண்டி போனபின் அவிழ்த்து விடுவதும் ஒருவகை எதிர்ப்பே. ஒளிக்கப்பட்ட நாய் பதிவேட்டில் ஏறுவதில்லை. ஏறாத நாயைத் தேடித் தடுப்பூசி போடுவாரும் இல்லை.

விசர்நாய்க்கடி நோயின் இயல்பை அறிந்தவர்க்கே பதிவின் அருமை விளங்கும். அந்நோய்க் கிருமி கடிவாயின் வழியே நரம்பைப் பற்றி மெல்ல மெல்ல மூளையை நோக்கி ஏறுகின்றது. அதற்குச் சில வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். குறிகள் தோன்றியபின் மருந்தினாற் பயனில்லை எனலாம். ஆகவே கடிபட்ட நாளுக்கும் குறி தோன்றும் நாளுக்கும் இடைப்பட்ட காலமே மனிதனுக்குக் கிடைத்த தவணை. 1885ஆம் ஆண்டு யூலை 6ஆம் திகதி பாரிசு நகரில் லூயி பாஸ்டர், யோசேப்பு மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு ஊசி மருந்தேற்றி அத்தவணையைப் பயன்கொள்ளும் வழியைக் காட்டினார். பின்னர் கசௌலியில் டேவிட் செம்பிள் ஆக்கிய மருந்து இந்தியாவிலும் இலங்கையிலும் பல பதின்ம ஆண்டுகள் வழங்கியது. கொப்பூழைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று முதியோர் இன்றும் நடுக்கத்தோடு கூறுவது அதனையே. அந்த ஊசிக்கு அஞ்சி விசகடி வைத்தியரிடம் பார்வை பார்ப்பித்துத் திரும்பியவர்களும் உளர். அவர்களுள் தப்பியவர்களிற் பலர் நோயில்லாத நாயாற் கடிக்கப்பட்டவர்கள் என்பதே உண்மை.

இங்கேதான் உடையவன் வேண்டப்படுகிறான். கடிபட்ட இடத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடங்கள் கழுவி வைத்தியசாலைக்கு வருபவரிடம் வைத்தியர் கேட்கும் முதற் கேள்விகளுள் ஒன்று, "யாருடைய நாய்?" என்பது. நாய் இன்னாருடையது, தடுப்பூசி இன்ன நாளில் இடப்பட்டது என்று தெரிந்தால், அதனைக் கட்டி வைத்துப் பதினான்கு நாட்கள் கவனிக்கலாம். அந்நாட்களுக்குள் அது நலமாக நின்றால் கடித்த வேளையில் அதன் உமிழ்நீரிற் கிருமி இருந்திருக்க முடியாது. கடிபட்ட குழந்தைக்கு எவ்வளவு மருந்து வேண்டும் என்பதை அதனைக் கொண்டு வைத்தியர் தீர்மானிப்பர். உடையவன் இல்லை என்றால் கவனிப்பதற்கு நாயும் இல்லை; ஐயத்தையே நோயாகக் கொண்டு முழு மருந்தும் ஏற்றவேண்டும். மூன்று படலைகளில் எழும் அந்தச் சொல்லின் விலையைக் கொடுப்பது எப்பொழுதும் நாலாவது வீட்டுப் பிள்ளை.

1973ஆம் ஆண்டில் இலங்கையில் இந்நோயால் 377 பேர் மாண்டனர். 1975 முதல் நாய்களுக்குப் பெருமளவில் தடுப்பூசியிடும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. கட்டாக்காலிகளைக் கொல்லும் வழக்கம் 2006ஆம் ஆண்டில் அரசின் கொள்கை அளவிற் கைவிடப்பட்டு, தடுப்பூசியும் கருத்தடையும் அதன் இடத்தைப் பெற்றன. இறப்புகள் அண்மைக் காலத்தில் ஆண்டொன்றுக்கு இருபது முப்பது என்னும் அளவுக்குக் குறைந்தன. ஓர் ஊரின் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கேனும் தடுப்பூசி இட்டால் நோய் பரவுதல் அறும் என்பது அறிஞர் கணிப்பு. நூற்றுக்கு எழுபது என்று கணக்கிடுவதற்கு முதலில் நூறு எது என்று தெரியவேண்டும். பதிவேடு இல்லாத ஊரில் அது தெரிவதில்லை.

பதிவேடு ஒழுங்காக இருந்த ஊரிலும் அதனைப் பொருளற்றதாக்கும் காலம் வந்ததுண்டு. 1995 ஒக்டோபர் 17ஆம் திகதி பலாலியிலிருந்து தொடங்கிய படை நடவடிக்கை அச்சுவேலி, புத்தூர், நீர்வேலி என்னும் வழியே தெற்கு நோக்கி நகர்ந்தது. புத்தூர் மக்கள் முன்னரே புறப்பட்டுவிட்டனர். அம்மாதம் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதிலுமிருந்து இலட்சக்கணக்கானோர் நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தனர். மழையிலும் சேற்றிலும் கைக்குழந்தையையும் முதியோரையும் சுமந்து சென்ற அந்தக் கூட்டத்தில் நாய்க்கு இடம் இருக்கவில்லை. ஆட்டை அவிழ்த்துவிட்டு, கோழிக் கூட்டைத் திறந்துவிட்டு, பானையில் இருந்த சோற்றை நாய்க்குக் கொட்டிவிட்டுச் சென்றவர் பலர். சில நாய்கள் பாதி வழி தொடர்ந்து வந்து திரும்பின. படலையை விட்டு அசையாது கிடந்தனவும் உள.

1996 ஏப்பிரலுக்குப் பின்னர் மக்கள் திரும்பினார்கள். திரும்பாதோர் வன்னிக்கும், கொழும்புக்கும், கனடாவுக்கும், இலண்டனுக்கும் சென்றனர். ஒரு வளவின் நாய் வேறொரு வளவில் நின்றது. அதன் உடையவர் எங்கோ இருந்தார். விலங்குக்கு இடப்பட்ட அடையாளம் எதுவாயினும், அதன் மறுமுனையில் உள்ள முகவரி பொய்த்துப்போனால் அது வெறும் குறியாகிவிடும் என்பதைப் புத்தூர் இவ்வாறு கண்டது.

அதே 1996ஆம் ஆண்டில், இத்துன்பங்கள் எவற்றையும் அறியாத ஓர் அவையில், விலங்குகளின் அடையாளத்துக்குரிய உலகப் பொது விதி வெளியிடப்பட்டது. மைக்ரோசிப் எனப்படும் நுண்சில்லு ஓர் அரிசி மணியின் அளவினது. கண்ணாடி உறையுள் அடங்கியது. கழுத்தின் பின்புறம், தோள்களின் இடையே, தடித்த ஊசியினால் தோலின் கீழே செலுத்தப்படுவது. அதற்குள் மின்கலம் இல்லை. வாசிக்கும் கருவியை அருகே கொணர்ந்தால் அக்கருவி வீசும் அலையினாலேயே உயிர்பெற்று, 15 இலக்கங்கள் கொண்ட எண் ஒன்றைச் சொல்லிவிட்டு மீண்டும் உறங்கிப்போகும். முன்னர் ஒரு நிறுவனத்தின் சில்லை மற்றொரு நிறுவனத்தின் கருவி வாசிக்க இயலாத தொல்லை இருந்தது. பொது விதி அதனைத் தீர்த்தது.

பலர் கருதுவதுபோல, நாய் எங்கே நிற்கிறது என்பதை இச்சில்லு அறிவிக்காது. உடையவரின் பெயரும் அதற்குள் இல்லை. எண் ஒன்றே உண்டு. அந்த எண்ணுக்கு நேரே பெயரும் முகவரியும் தொலைபேசியும் எழுதப்பட்டிருக்கும் ஏடு வேறோர் இடத்தில் உள்ளது. வீடு மாறியவர் அங்கே அறிவிக்காவிட்டால், காணாமற்போன நாயைக் கண்டெடுத்தவர் பழைய வீட்டின் கதவைத்தான் தட்டுவார். நாய் எண்ணைச் சுமந்து வருகிறது. எண்ணோ ஆளில்லா வளவுக்கு வழிகாட்டுகிறது.

பிரித்தானியாவில் 2016 ஏப்பிரல் 6 முதல் நாய்களுக்கு நுண்சில்லு கட்டாயமாயிற்று. இங்கிலாந்தின் விதிப்படி, விவரம் பழையதாகிய சில்லு, இல்லாத சில்லுக்குச் சமம். அறிவித்தல் கிடைத்து 21 நாட்களுக்குள் திருத்தாதவர்க்கு 500 பவுண் வரை தண்டம் விதிக்கலாம். சென்னை மாநகராட்சியும் 2025ஆம் ஆண்டில் வளர்ப்பு நாய்க்கு உரிமத்தையும் நுண்சில்லையும் கட்டாயமாக்கி, உரிமம் பெறாதவர்க்கு 5,000 ரூபாய் தண்டம் என அறிவித்தது. தவணை நெருங்கியபோது நாயும் கையுமாக மக்கள் நிலையங்களில் வரிசையாக நின்றனர். நாய்க்காக வரிசையில் நிற்பதும் ஒரு நாகரிகமே.

ஊரில் வளர்த்த நாயைப் பிள்ளைகளிடம் இலண்டனுக்கு அனுப்ப விரும்புவோர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். முதலிற் சில்லு, அதன் பின்னரே விசர்நாய்த் தடுப்பூசி. முறை மாறினால் ஊசி கணக்கில் எடுக்கப்படாது. எந்த நாய்க்கு இட்ட ஊசி என்று காட்டச் சான்று இல்லாமையே காரணம்.

புத்தூரில் இன்று பூட்டிய வீடுகள் பல. உரிமைப் பத்திரத்தில் உள்ள பெயர் கடல் கடந்து வாழ்கின்றது. வளவைக் கூட்டி விளக்கேற்றுபவர் உறவினரோ அயலவரோ ஆவர். முற்றத்தில் ஒரு நாய் இருக்கின்றது. அந்த நாயைப் பதியும்போது யாருடைய பெயரை எழுதுவது? இங்கிலாந்தின் விதி இதற்கு ஒரு விடை கூறுகின்றது. விலை கொடுத்து வாங்கியவர் யார் என்று அது ஆராய்வதில்லை. நாய் வழக்கமாக எவருடன் வாழ்கின்றதோ அவர் பெயரையே எழுதச் சொல்லுகின்றது. அவர் மாறும் நாளில் ஏட்டிலும் பெயர் மாறவேண்டும்.