கூப்பனும் மணவாடையும்: பிரித்தானிய ஆடைப் பங்கீடு பற்றிய ஒரு நோக்கு

மணமகளின் ஆடைக்கு ஆகும் செலவு குடும்பத்தின் சொந்த விடயம் என்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. ஆயின், அதற்குரிய துணியை அரசே அளந்து கொடுத்த காலமும் உண்டு. 1941 யூன் 1 முதல் 1949 மார்ச் 15 வரை பிரித்தானியாவில் நிலவிய ஆடைப் பங்கீட்டுக் காலமே அது. மணவாடையின் உண்மையான விலை யாது, அதனைச் செலுத்தியவர் யாவர் என்னும் வினாக்களுக்கு அக்காலம் தெளிவான விடை தருகின்றது.

1941 இல் வளர்ந்தோர் ஒருவருக்கு ஆண்டுக்கு 66 கூப்பன்கள் கிடைத்தன. ஆடை வாங்குவோர் பணத்தோடு கூப்பனையும் கொடுத்தல் வேண்டும். கம்பளியல்லாத பெண்கள் அங்கிக்கு 7, சப்பாத்துக்கு 5, காலுறைக்கு 2, உள்துணியிட்ட நீண்ட மேலங்கிக்கு 14 என விகிதம் வகுக்கப்பட்டிருந்தது. எனவே மணவாடைக்கு 7 கூப்பன் போதுமாயினும், சப்பாத்து, காலுறை, மணம் முடிந்து புறப்படும்போது அணியும் மேலங்கி ஆகியவற்றுக்கு மேலும் 21 வேண்டியிருந்தது. உபசெலவு முதற்செலவின் மும்மடங்காயிற்று. 1945 செப்டெம்பர் முதல் எட்டு மாதங்களுக்கு வழங்கப்பட்டவையோ 24 கூப்பன்களே. பழைய விகிதத்திற் கணித்தாலும் அவை இம்மொத்தத்திற்குப் போதா.

இந்நிலையிலும் வெள்ளை மணவாடை மீதான விருப்பம் மறையவில்லை. விக்டோரியா மகாராணி 1840 இல் அணிந்த வெள்ளாடையின் செல்வாக்கால் வேரூன்றிய அவ்வழக்கம், புதிய வழிகளைத் தேடிக்கொண்டது. தாயின் ஆடை மகளுக்காக வெட்டித் தைக்கப்பட்டது. ஓராடையைப் பல மணமகள்கள் இரவலாக அணிந்தனர். பரசூட் துணியும் மணவாடையாயிற்று. நாவலாசிரியை பாபரா காட்லண்ட் பழைய மணவாடைகளைச் சேகரித்து, படைச்சேவையிலிருந்த பெண்கள் இரவல் பெற வழிசெய்தார். வேறு சிலர் சீருடையிலேயே மணம் புரிந்தனர்.

பங்கீடு அனைவரையும் சமமாக நடத்தியதா என்பதும் ஆராயத்தக்கது. கூப்பன் ஆடையின் வகையை அளந்ததேயன்றி, விலையையோ தரத்தையோ அளக்கவில்லை. நெடுநாள் உழைக்கும் உயர்ந்த அங்கிக்கும் விரைவில் நைந்துபோகும் மலிவான அங்கிக்கும் ஒரே எண்ணிக்கையே விதிக்கப்பட்டது. வசதி படைத்தோரிடம் போருக்கு முந்திய ஆடைகளும் நிறைந்திருந்தன. ஆகவே சட்டத்தின் சமத்துவம் வாழ்க்கையின் சமத்துவமாகவில்லை.

1947 நவம்பர் 20 இல் மணம் புரிந்த இளவரசி எலிசபெத்துக்கு மேலதிகமாகக் கூப்பன்கள் வழங்கப்பட்டன. நோமன் ஹாட்னெல் வடிவமைத்த அவரது ஆடையில் ஏறத்தாழ 10,000 சிறு முத்துக்கள் பதிக்கப்பட்டன. சாதாரணப் பெண்கள் பலர் தம் கூப்பன்களை அவருக்கு அனுப்பினர். கூப்பனைக் கைமாற்றுதல் சட்டவிரோதமாதலால் அவை திருப்பியனுப்பப்பட்டன.

தமக்கே போதாததைப் பிறர் மணத்திற்கு ஈயும் இம்மனப்பாங்கே இவ்வரலாற்றின் மையம் எனலாம். அரசு துணியைக் குறைத்தது. வழக்கத்தைக் குறைக்க அதனால் இயலவில்லை. எஞ்சிய சுமையை இரவல் கொடுத்தோரும் இரவு விழித்துத் தைத்தோரும் ஏற்றனர். அவர்களுட் பெரும்பாலோர் பெண்களே. கடைக்காரரின் பற்றுச்சீட்டில் அவர்தம் பங்கு பதிவாவதில்லை. மணவாடையின் செலவை ஆராய்வோர் அப்பங்கினையும் சேர்த்தே கணக்கிடல் வேண்டும்.